பம்பரம் கரையில் இருந்த வருஷம்

மீன் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்பார்கள். அந்தப் பெரிய ஏரியில் எல்லாரையும்விட அதிகம் மீன் காட்டிக்கொடுத்த படகின் சொந்தக்காரிக்கு அது மருந்துக்கும் கிடையாது.

படகுத்துறையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முன்பு அதே துறையில் அக்கரைப் படகுக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலையில் இருந்தாள். கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பதுதான் வேலை. இவளோ வெளியே வந்து வரிசையை நேராக்குவாள், யாருடைய குழந்தையையாவது தூக்கிப் படகில் ஏற்றுவாள், கயிறு தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவாள், சில்லறை கேட்டு யாராவது கத்தினால் கூண்டுக்குத் திரும்ப ஓடுவாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த படகோட்டி ஒருவர் வைத்த பெயர் அது. பிறகு ஏரியின் குறுக்கே பாலம் வந்தது, அக்கரைப் படகுகள் நின்றன. கூட வேலை பார்த்தவர்கள் கடைக்கும் ஆலைக்கும் போய்விட்டார்கள். இவள் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்த படகுகளில் சின்னதாக ஒன்றை வாங்கினாள். ஓட்டுவதற்கு உரிமமும் எடுத்தாள். துணைக்கு வந்த நாத்தனார், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தானும் ஓர் உரிமம் எடுத்து அலமாரியில் போட்டுவைத்தாள்.

தொழில் இதுதான்: மீன் பிடிக்க ஆசையிருந்தும் படகு இல்லாதவர்களை விடியலில் ஏற்றிக்கொண்டு போய், மதியத்துக்குள் கரை சேர்ப்பது. ஆறு பேர் ஏறலாம். தூண்டிலும் இரையும் லைஃப் ஜாக்கெட்டும் இவளே கொடுப்பாள். மற்ற படகுக்காரர்கள் பழகிய இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு மீன் வருமென்று இருப்பார்கள். இவளுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"மீன் வரும்னு உக்காந்திருக்க இது என்ன ஆஸ்பத்திரியா? டோக்கன் எடுத்திருக்கோமா? அது வரலன்னா நாம போவோம்" என்பாள்.

தூண்டில் போட்டுக் கொஞ்ச நேரம் தக்கை அசையவில்லை என்றால் இன்ஜின் உறுமிவிடும். நாணல் ஓரம், பாறைத்தீவு, ஆற்றுவாய் என்று காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டவள்போல ஏரி முழுக்க அலைவாள். எங்கேயோ ஓரிடத்தில் கெளுத்தியோ விராலோ கூட்டமாக அகப்படும். வெறுங்கையோடு இறங்கியவர்கள் அவள் படகில் அபூர்வம்.

அவள் புருஷன் துறைக்கு மேலே இருக்கும் தெருவில் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, சுவரை அடைத்த கண்ணாடி, பழைய வாரப்பத்திரிகைகள் கிடக்கும் ஒரு பெஞ்சு. அவருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. கட்டிப்போட்ட படகில் கால் வைத்தாலே தலை சுற்றும். ஆனால் அவள் படகுக்குப் பாதி ஆட்களைப் பிடித்துக்கொடுத்தவர் அவர்தான். "கழுத்துல துணியைக் கட்டிக் காதோரம் கத்தியை வச்சுட்டா எந்த மீனு ஓடும்?" என்று சிரிப்பார்.

தொழிலுக்கு ஒரு சுற்று உண்டு. மீன் முட்டையிடும் தடைக்காலம் முடிந்ததும் முதல் சில வாரங்கள் போன் ஓயாது. அப்புறம் வெயில் ஏற ஏற மீன் ஆழத்துக்குப் போய்விடும், வருகிறவர்கள் தோல் உரிந்து திரும்புவார்கள். வெயிலின் நடுவிலேயே மேல்காற்று புகுந்து சில நாட்கள் ஆட்டிப்படைக்கும். பிறகு மழை, மழைக்குப் பின்னால் நல்ல மீன், மறுபடியும் தடை. பம்பரத்துக்குச் சீசனில் கரை ஞாபகம், தடைக்காலத்தில் தண்ணீர் ஞாபகம். "எப்படா தடை வரும், ஒரு நாள் காலை நீட்டிப் படுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தடை வந்த மறுநாளே வீட்டிலுள்ள பீரோவை நகர்த்த ஆரம்பித்துவிடுவாள். ஒரு வருஷம் சலூன்காரர் வேலை முடிந்து வந்து, செய்தி கேட்க வழக்கமான நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி சமையலறைக்குப் போயிருந்தது.

அப்படிப்பட்ட ஒரு தடைக்காலத்தின் கடைசி வாரத்தில்தான் அது நடந்தது. படகைக் கரையேற்றி மரக்கட்டைகள்மேல் நிறுத்தி, அடிப்பக்கம் சுரண்டி, சாயம் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, எல்லாம் ஆயிற்று. செய்ய ஒன்றும் பாக்கி இல்லை. அதுதான் வினை. மேற்கூரையில் ஓரிடத்தில் சாயம் கொஞ்சம் மங்கலாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஏறினாள். முதல் நாள் அடித்த சாயம் ஒரு மூலையில் காயவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தவளைத் துறைக்காரர்கள் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு.

"இந்தக் காலை ஆட்டவே கூடாது" என்றார் டாக்டர்.

"காலை மட்டும்தானா டாக்டர்? வாயையும் சேர்த்து எழுதிக் குடுங்களேன்" என்றார் சலூன்காரர். அவளுக்கு வந்த கோபத்துக்கு ஊன்றுகோல் கைக்கு எட்டவில்லை, அவர் தப்பித்தார்.

முன்பதிவு எல்லாம் முடிந்திருந்தது. கட்டோடேயே படகு ஓட்டுவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இந்தத் தடவை அது வெறும் சொல்வழக்கு இல்லை, நிஜமாகவே ஒற்றைக் கால்தான். சலூன்காரர் போய்த் தங்கச்சியை அழைத்துவந்தார்.

அவர் தங்கச்சி டவுன் பஸ் டிரைவர். அவளுடைய டெப்போவில் பழைய வண்டிகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். புது வண்டி வரும்வரை பாதிப்பேரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்காகச் சிக்னலிலும் நெரிசலிலும் உட்கார்ந்து பழகியவள். பின்னாலிருந்து யார் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேச்சும் அளந்துதான். அலமாரியிலிருந்த உரிமத்தைப் புதுப்பித்து, துறையை ஒட்டியே சில நாள் ஓட்டிப் பழகி, சீசன் திறந்த அன்று கிளம்பினாள்.

படகு கண்ணைவிட்டு மறைவதற்குள் பம்பரம் போனை எடுத்துவிட்டாள்.

"எங்க இருக்க?"

"தண்ணியில."

"தண்ணியிலன்னா எங்க?"

"ஏரித் தண்ணியில அண்ணி."

"கேலியா? நாணல் பக்கம் போயிட்டியா? அங்க ஒண்ணும் தேறலன்னா உடனே பாறைத்தீவுக்கு விடு."

"இப்பத்தான் நங்கூரம் போட்டேன்."

"எடு!"

"எல்லாரும் நல்லாப் பேசிச் சிரிச்சுட்டு இருக்காங்க அண்ணி. அப்புறம் எடுக்கறேன்."

அந்த அப்புறம் மதியம்வரை வரவில்லை. ஆறு பேருமாகச் சேர்த்துப் பிடித்துவந்தது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அவர்கள் இறங்கும்போது முகம் கல்யாணவீட்டுக்குப் போய்வந்ததுபோல இருந்தது. அதுதான் பம்பரத்துக்குப் புரியவில்லை. மீனில்லாமல் எப்படிச் சிரிப்பு வரும்?

வீட்டில் வைத்தால் கட்டிலிலிருந்தே பீரோவை நகர்த்திவிடுவாள் என்று பயந்து, சலூன்காரர் அவளைக் கடையின் பின்னறைக்குக் கொண்டுவந்தார். துண்டுகள் காயும் சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி, காலை நீட்ட ஒரு ஸ்டூல், ஏரியைப் பார்த்த ஜன்னல். நடுவில் ஒரு திரை மட்டும்தான். இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்யும்போது அவள் அந்தக் கடையில் முழுதாக ஒரு மணி நேரம் இருந்ததில்லை. கத்தரிக்கோலின் சத்தம், வானொலி, உள்ளூர் வம்பு, எல்லாம் அவளுக்குப் புதுசு. முதல் நாளிலேயே காய்ந்த துண்டுகளை நான்கு விதமாக மடித்துப் பார்த்துவிட்டாள்.

ஒரு நாள் வங்கி அதிகாரி ஒருவர் முடிவெட்ட வந்திருந்தார். சலூன்காரர் வழக்கம்போலப் படகுப் பேச்சை எடுத்தார்.

"போன வருஷம் போனேங்க" என்றார் அதிகாரி. "மீனு கிடைக்கலன்னு சொல்ல மாட்டேன், நிறையவே கிடைச்சுது. ஆனா பிளாஸ்கைத் திறந்து ஒரு டீயை வாயில வைக்கறதுக்குள்ள தூண்டிலைத் தூக்குங்கன்னு ஒரு அதட்டு. சட்டையெல்லாம் டீ. எங்க ஆபீஸ்லகூட அப்படி யாரும் விரட்ட மாட்டாங்க. நான் லீவு போட்டுட்டு வந்தவன் ஐயா!"

திரைக்குப் பின்னால் பம்பரத்துக்கு ஊன்றுகோலை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் புருஷன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அவ அப்படித்தாங்க. என்னையே விரட்டுவா. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு ஆளு வெறுங்கையோட இறங்கிப் போனா அன்னைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மீன் இல்லாத இடம்னு தெரிஞ்சும் உங்கள உக்கார வச்சு நேரத்தை ஓட்ட அவளுக்கு வராது. திட்டுறதுன்னா திட்டுங்க. ஏமாத்துவான்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது." கத்தரிக்கோல் கொஞ்சம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. "இந்த வருஷம் என் தங்கச்சி ஓட்டுறா. டீ குடிக்கலாம், தூங்கலாம். மீனுக்கு மட்டும் நான் ஜவாப்தாரி இல்ல."

அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார். பம்பரம் மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். விரட்டுகிறவள் என்று கேட்டது நெஞ்சில் முள்ளாக இருந்தது. புருஷன் சொன்னது அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. சாயங்காலம் கடை அடைக்கும்போது அவர், "என்ன இன்னைக்குச் சத்தமே இல்ல?" என்று கேட்டார். "கால் வலிக்குது" என்று சொல்லிவைத்தாள்.

மேல்காற்று அந்த வருஷம் சொல்லாமல் வந்தது. காலையில் வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. தபால் ஆபீஸிலிருந்து ஆறு பேர் சேர்ந்து வந்திருந்தார்கள். நாத்தனார் அவர்களை ஏற்றிக்கொண்டு பாறைத்தீவுப் பக்கம் போயிருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் பின்னறை ஜன்னல் தானாகப் படாரென்று சாத்திக்கொண்டது. பம்பரம் அதைத் தள்ளித் திறந்தாள். ஏரியின் நடுவில் வெள்ளைக் கோடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை கரைப்பக்கம் நகர்ந்தன.

போன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பதில்.

"ஏங்க!"

அந்தக் குரலைக் கேட்டு சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். அவள் அதற்குள் ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். அவர் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால், கழுத்தில் துணியும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையுமாக, பாதி மழித்த காய்கறிக்கடைக்காரரும் ஓடிவந்தார்.

துறையில் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குக் கூரைத் துணி பறந்துவிட்டிருந்தது. இன்னொன்று கல்படியில் மோதிப் பக்கப்பலகை பிளந்தது. அதிலிருந்து இறங்கிய ஒருவர் நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்திருந்தார், கைக்குட்டை சிவந்திருந்தது. "நடுவுல வர முடியல, வந்ததே பெரிசு" என்றான் படகுக்காரன். மீட்புப் படகுக்காரர்கள் காற்றுத் தணியாமல் எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

பம்பரம், துறையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மிதக்கும் மரப்பாலத்தின் நுனிவரை போய் நின்றாள். பலகைகள் அலையில் ஏறி இறங்கின. எத்தனை காற்றைப் பார்த்தவள் அவள்! ஆனால் எல்லாக் காற்றிலும் சுக்கான் அவள் கையில் இருந்தது. திருப்ப ஏதாவது இருந்தது, இழுக்க ஏதாவது இருந்தது. இப்போது இரண்டு கையிலும் ஊன்றுகோல். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. போனை எடுப்பாள், போடுவாள், திட்டுவாள். உட்காருங்கள் என்று யாரோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள். புருஷன். ஆடும் பலகைமேல், முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் அவள் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க கரைக்குப் போங்க. மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா உங்களையும் நான்தான் தூக்கணும்."

"நீ எந்தக் காலால தூக்குவ?" என்றார் அவர். சொல்லிவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

வெயில் சாய்ந்தபிறகு காற்று இறங்கியது. தண்ணீர் அடங்க இன்னும் கொஞ்சம் நேரமானது. அப்புறம்தான் பாறைத்தீவின் பக்கத்திலிருந்து அந்தப் படகு கிளம்புவது தெரிந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றி வருவதுபோல, மெதுவாக வந்தது. நாத்தனார் பஸ்ஸை ஒட்டி நிறுத்துகிற மாதிரி அதை மரப்பாலத்தோடு ஒட்டி நிறுத்தினாள். தபால்காரர்கள் பாதிப்பாட்டில் இருந்தார்கள். பிஸ்கட் பொட்டலங்கள் காலியாகிக் காலடியில் கிடந்தன. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

பம்பரத்துக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்தியது.

"போனை எதுக்குடி அணைச்ச? இங்க ஒருத்தி செத்துப் பிழைக்கறேன், உனக்குப் பாட்டுக் கேக்குதா?"

நாத்தனார் கயிற்றை முளையில் சுற்றிக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் அண்ணி அணைச்சேன்."

"என்னது?"

"கூப்பிட்டா உடனே வான்னு சொல்லுவீங்க. நீங்க சொன்னா நான் கிளம்பியிருப்பேன். உங்களுக்கு ஏரி தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், வழி சரியில்லன்னா வண்டியை ஓரங்கட்டணும். தீவுக்குப் பின்னாடி காத்தே இல்ல. நங்கூரத்தைப் போட்டு உக்காந்துட்டேன்."

பம்பரம் நடு ஏரியைப் பார்த்தாள். முதல் வெள்ளைக்கோட்டைப் பார்த்ததுமே அவள் அந்த ஆறு பேரையும் வைத்துக்கொண்டு நடுவழியே கரைக்கு விரட்டியிருப்பாள். காற்றைவிட வேகமாகப் போய்விடலாம் என்று நினைத்திருப்பாள். பல தடவை போயும் இருக்கிறாள்.

"ஆமா" என்றாள் கடைசியில். "வான்னுதான் சொல்லியிருப்பேன்."

பின்னால் நின்ற காய்கறிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, எல்லாரும் வந்தாச்சு. மிச்சத்தை மழிச்சு விட்டீங்கன்னா நானும் கடையைப் பாப்பேன்." கன்னத்து நுரை காய்ந்து பொருக்காகியிருந்தது.

அதற்கப்புறம் சில வாரங்கள் பம்பரம் போன் போடவில்லை. போடாமல் இருப்பதற்குப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். போனைப் புருஷனின் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொன்னாள்.

ஆனால் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் ஆகிவிடுமா? வெயில் கடுமையானதும் மீன் இடம் மாறிவிட்டது. எல்லாப் படகும் காலியாக வந்தன. நாத்தனாரின் படகும் அப்படித்தான். முதல் தடவை சிரித்துக்கொண்டு இறங்கியவர்கள் இரண்டாம் தடவை வெறுங்கையோடு இறங்கியபோது சிரிக்கவில்லை. மூன்றாம் தடவைக்கு ஆள் வரவில்லை. வங்கி அதிகாரிகூட, "தூக்கம் எனக்கு வீட்டுலயே வருதே" என்று சொல்லிவிட்டாராம்.

கட்டைப் பிரித்த அன்று, கோல் ஊன்றி நடக்கலாம் என்றார் டாக்டர். "படகு?" என்று கேட்டாள். "ஓட்டவே கூடாது" என்றார். ஓட்டத்தானே கூடாது? மறுநாள் காலையில் அவள் படகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டச்சொல்லி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள், புதுசாகக் கல்யாணமான ஜோடி. நாத்தனார் வழக்கமான இடத்தில் நங்கூரம் போட்டாள்.

"எடு" என்றாள் பம்பரம்.

"இப்பத்தானே அண்ணி..."

"எடுன்னா எடு. இங்க தண்ணி சூடா இருக்கு, கையை விட்டுப் பாரு. உன் காத்துக்கு நீ சொன்னதை நான் கேட்டேன்ல? என் மீனுக்கு நான் சொல்றதை நீ கேளு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அவள் பல் தெரியச் சிரித்து அண்ணி பார்த்தது அன்றுதான். நான்கைந்து இடம் மாறினார்கள். ஆற்றுவாய்க்கு மேலே, மரநிழல் விழும் குளிர்ந்த தண்ணீரில் பொடிமீன்கள் தெறித்தன. அங்கே புது மணப்பெண்ணின் தூண்டிலில் விழுந்த கெளுத்தியை இழுக்க நாலு கை வேண்டியிருந்தது. அன்றைக்கு வந்த மீனைப் பார்த்துத் துறையே கூடிவிட்டது. சாயங்காலமே போன் ஓயாமல் அடித்தது.

அதற்கு விலையும் இருந்தது. இன்ஜின் அதிர்வில் கால் பூசணிக்காயாக வீங்கி, டாக்டர் வாயில் வந்தபடி திட்டி, மழைக்காலம் முழுக்க அவளை மறுபடியும் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார். இந்தத் தடவை போனில் கூப்பிட்டவள் நாத்தனார். "அண்ணி, இங்க தண்ணி கலங்கலா வருது. எந்தப் பக்கம் விட?" இவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்லுவாள். சில நாள் சரியாக இருக்கும், சில நாள் இருக்காது.

தடைக்காலத்துக்கு முன்பே டெப்போவுக்குப் புது வண்டிகள் வந்துவிட்டன. நாத்தனார் போக வேண்டியதாயிற்று.

"அடுத்த சீசனுக்குச் சனிக்கிழமை மட்டுமாவது வாயேன்."

"சனிக்கிழமை எனக்கு ரெண்டு ஷிப்டு அண்ணி."

"ஞாயிறு?"

"பாக்கலாம்" என்றாள் அவள். அவளிடமிருந்து அதற்குமேல் வாங்க முடியாது.

அடுத்த சீசனில் பம்பரமே ஓட்டினாள். முழங்கால் முழுதாக மடங்கவில்லை. நின்றபடி ஓட்டுவதற்குச் சுக்கானை உயர்த்திக்கொண்டாள். ஏறியதும் சிலர், "அந்த இன்னொரு அம்மா இல்லையா?" என்று கேட்டார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளாமல், நங்கூரம் போட்டு, "டீ குடிங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். சொல்லிவிட்டுக் குடித்து முடிக்கும்வரை அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வையில் பாவம், சிலர் சுடச்சுட விழுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது நாத்தனார் வந்தாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் போடும் சண்டையைக் கேட்கவே வந்தவர்களும் உண்டு.

தடைக்காலம் வந்தது. படகைக் கரையேற்றிச் சாயம் அடித்தாயிற்று. கூரைமேல் ஏற மாட்டேன் என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வீட்டில் நகர்த்த இனி ஒன்றுமில்லை. இருப்புக் கொள்ளாமல் ஒரு நாள் காலையில் கிளம்பிப் போய் நாத்தனாரின் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க போறீங்க அண்ணி?"

"எங்கயும் இல்ல. நீ ஓட்டு. அந்த லாரியை ஏன் முன்னாடி விட்ட?"

"ஓடற வண்டியில டிரைவரோட பேசக்கூடாது. எழுதிப் போட்டிருக்கு பாருங்க."

வாயை மூடிக்கொண்டாள். அடுத்த திருப்பம்வரை மூடியிருந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நாத்தனார் இன்ஜினை அணைத்துவிட்டு ஆப்பிள் ஒன்றை எடுத்து மெல்லத் துடைத்தாள். "கிளம்ப இன்னும் நேரமிருக்கு அண்ணி. நீங்களும் கொஞ்சம் சாயுங்க."

"சாயறேன், சாயறேன்" என்றாள் பம்பரம். சொல்லிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு இறங்கி, பஸ்ஸைச் சுற்றிவந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.